திட்டு வாங்கப் போகிற வீடு

கல் ஓட்டில் உருண்டு முற்றத்தில் விழுவதற்குள் பாகா காகி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிடுவாள். செருகுகிற விதத்திலேயே எதிர்வீட்டில் இருக்கிற எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு எவ்வளவு நேரம் என்று. நுனியை மட்டும் செருகினால் இரண்டு நிமிடம். இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சே போட்டுவிட்டாளென்றால், அடுப்பில் உலை வைத்திருக்கிறவர்கள் போய் இறக்கி வைத்துவிட்டு வந்து நிற்கலாம். பிறகு முறத்தை எடுத்துத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வாள். பார்வையைத் தரையை விட்டு எடுக்காமல் வாசலுக்கு வருவாள்.

"எந்தக் கட்டையில போறவன்டா அது? உன் கையில கரையான் புடிக்க! உங்கம்மா உன்னைப் பெத்தாளா, இல்ல கணகவலி பஸ்ஸுலேர்ந்து மூட்டையோட மூட்டையா இறக்கி விட்டாங்களா? என் வீட்டு ஓடு உனக்கு மாங்கா மரமாத் தெரியுதா?"

வேலிக்குப் பின்னால் குந்தியிருப்பவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பான். முடிந்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவான்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று சந்திரனைப் பார்த்தவன் தலையில் செய்யாத திருட்டுப் பழி வந்து விழும். கடலோரக் குக்கிராமமான எங்கள் பிம்பள்வாடியில் இதைச் சந்தேகப்படுகிறவர் ஒருத்தரும் கிடையாது. பம்பாயில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன்கூட அன்றைக்கு அந்தி சாய்ந்தால் குனிந்துதான் நடப்பான். தப்பித் தவறிப் பார்த்துவிட்டால் பரிகாரம் ஒன்றே ஒன்று. அடுத்த வீட்டு ஓட்டில் கல்லெறிய வேண்டும், வீட்டுக்காரர் வெளியே வந்து வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். அந்தத் திட்டோடு பழி கழிந்தது. ஆனால் ஒரு விதி உண்டு. கேட்டு வாங்கிய திட்டு பலிக்காது. "காகி, நிலாவைப் பார்த்துட்டேன், நாலு வார்த்தை சொல்லேன்" என்று போய் நின்றால் அது நாடகம். கல் விழ வேண்டும். கோபம் நிஜமாக வர வேண்டும்.

கோபம் நிஜமாக வருகிற ஆள் எங்கள் வாடியில் பாகா காகி என்கிற சந்திரபாகா மேஸ்த்ரி ஒருத்திதான். மற்ற வீடுகளிலும் எறிந்து பார்த்தாயிற்று. பள்ளிக்கூடத்து வாத்தியார் வெளியே வந்து, "யாரப்பா அது, இருட்டுல பார்த்துப் போ, கால்ல ஏதாவது குத்திடப் போவுது" என்கிறார். அந்த உபசாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காகிக்கு வயது ஐம்பத்தெட்டு. எனக்கு ஆறு வருஷம் மூத்தவள். ஊருக்கே காகி, அதாவது சித்தி. புருஷன் தச்சர், பிள்ளையார் உட்காருகிற மணைகள் செய்தவர். அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. மகள் பம்பாயில் குடியும் குடித்தனமுமாக இருக்கிறாள். "பேர்லயே சந்திரனை வெச்சுக்கிட்டிருக்கியே காகி, உன்னைப் பார்த்தா பழி வராதா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "வரும்டா மாவு மூஞ்சி. உன்னை எங்கண்ணால தினம் பார்க்கிறேனே, அதுவே எனக்குப் பழிதான்" என்றாள். நான் மாவு மில் வைத்திருக்கிறேன். தத்தாராம் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அவளுக்கு ஞாபகம் வருவது அபூர்வம்.

விழுந்த கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாலே எறிந்தவர் யார் என்று சொல்லிவிடுவாள். மண் ஒட்டிய செம்பாறைச் சில்லு என்றால் வயலிலிருந்து நேரே வந்தவன். கழுவின கூழாங்கல் என்றால் பஜனை கோஷ்டியில் முன்வரிசை. கூரையை எட்டாமல் கோழிக்கூட்டில் விழுந்தால் பம்பாயிலிருந்து லீவுக்கு வந்தவன். தெரிந்தாலும் பெயர் சொல்லமாட்டாள். ஆனால் திட்டு அவரவர் அளவுக்குத் தைத்ததாக இருக்கும். பெண்டாட்டியை அடிக்கிறவனுக்குக் கை பற்றி வரும். அம்மாவுக்குச் சோறு போடாதவனுக்கு வயிறு பற்றி வரும். பண்டிகை முடிந்த ஒரு வாரத்தில், விடியற்காலையில் அவள் வேலியில் புது ஓடு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், சில வருஷம் மூன்று நான்கு. யார் வைத்தது என்று அவளும் கேட்கமாட்டாள், ஏணியைப் போட்டு அவளே ஏறி மாற்றிக்கொள்வாள்.

பிழைப்புக்கு அருகம்புல். மழைக்காலத்தில் வாசலுக்கு வாசல் முளைக்கிற புல்லை எவன் விலை கொடுத்து வாங்குவான் என்று நினைக்கலாம். அவள் கட்டுகிற கட்டைப் பார்த்தால் நினைக்கமாட்டீர்கள். மூன்று இதழ் விரிந்த கொழுந்தாகப் பொறுக்கி, இருபத்தொன்று சேர்த்து, வாழைநாரால் ஒரு சுருக்கு. இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும், இழுக்காதவரை புயலடித்தாலும் அவிழாது. வீட்டுக்கு நாளொன்றுக்கு இருபத்தொரு கட்டு. என் மில் படியில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று அங்கேதான் உட்கார்ந்து கட்டுவாள். கை கட்டும், வாய் கதை சொல்லும். அவள் சொல்கிற பிள்ளையார் கதைகள் புராணிகர்கள் சொல்வதுபோல் இருக்காது.

"அனலாசுரனை அப்படியே முழுங்கிட்டு, வயிறு எரியுதுன்னு உருண்டாரு நம்ம கணபதி. தேவனுங்கல்லாம் வைத்தியம் பார்க்க வந்தானுங்க. ஒருத்தன் தலையில நிலாவை வெச்சான், ஒருத்தன் பாம்பைச் சுத்திவிட்டான், ஒருத்தன் தாமரையைக் கொடுத்தான். எதுக்கும் அடங்கல. கடைசியில ரிஷிங்க வந்து இருபத்தொரு அருகம்புல்லை வெச்சாங்க, ஏவ்வ்னு ஒரு ஏப்பம், அடங்கிப் போச்சு. எனக்கும் வயித்துல அதே அனல்தான்டா. எனக்கு எவன் புல்லு வைக்கப் போறான்?"

சந்திரன் கதையை அவள் சொல்லும்போது மில்லையே நிறுத்திவிடுவேன். "கொழுக்கட்டையைத் தின்னு தின்னு வயிறு முட்டிப்போயி மூஞ்சூறு மேல ஏறி வர்றாரு. குறுக்க ஒரு பாம்பு. மூஞ்சூறு மிரண்டு இவரைக் கவுத்துடிச்சு. வயிறு பொத்துக்கிச்சு. அவமானம்தானே? எந்திரிச்சு, அந்தப் பாம்பையே புடிச்சு வயித்தை இறுக்கக் கட்டிக்கிட்டு நிமிர்ந்தா, மேலேர்ந்து ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கலாமாடா? தந்தத்தை முறிச்சு அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சாரு. கல்லெறியிற பழக்கமே அங்கேர்ந்து வந்ததுதான்." இது எந்த ஏட்டிலும் இருக்காது, அவளுடைய சொந்த ஆராய்ச்சி. "கிருஷ்ணனே நிலாவைப் பார்த்துட்டு மணியைத் திருடினான்னு பேர் வாங்கினான். அவன் ஊர்ல திட்ட ஒரு காகி இல்ல பாவம். குகைக்குள்ள போயி கரடியோட மல்லுக்கட்டித்தான் பேரை மீட்டான்."

மூஞ்சூறைப் பற்றி அவளுக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. "எலி என்ன பண்ணும்? நெல்லு திருடும். திருடன் முதுகுல ஏறி உக்காந்திருக்கிறவர்டா நம்ம சாமி. அவருக்குத் திருடனையும் தெரியும், திருடாதவனையும் தெரியும். நமக்குத்தான் தெரியாது." சொல்லிவிட்டு என் முகத்தில் மாவைத் தட்டிவிட்டுப் போவாள். இந்த வருஷம் அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்கு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த வருஷம் சதுர்த்தி அன்று மத்தியானமே மழை நின்று மேற்கு வெளுத்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் முதல் கல் விழுந்தது. வழக்கம்போல் முறமும் கையுமாக வந்து இரண்டு நிமிடத் திட்டு கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் இன்னொன்று. பழக்கமில்லாத கை, பெரிய கல். அடுப்புக்கு நேர் மேலே ஓட்டைப் பொத்துக்கொண்டு, நைவேத்தியத்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த பாலுக்குள்ளேயே விழுந்துவிட்டது. பால் தெறித்த கையோடு, முறத்தை மறந்து, தலைநிமிர்ந்தபடி ஓடி வந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மேலே பார்த்தாள். இரண்டு தென்னைகளுக்கு நடுவில் மெல்லிசாக அது இருந்தது.

திறந்த வாய் திறந்தபடி நின்றது.  வேலியோரமாக வெள்ளைக் கால்சட்டை ஒன்று பதுங்கிப் பதுங்கிப் போவதை நான் பார்த்தேன். பிரபுதேசாய் வீட்டுத் தினகர், பம்பாயிலிருந்து வந்திருந்தவன். பாவம், அவனுக்கும் திட்டு கிடைக்கவில்லை. பாகா காகி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 

மறுநாள் காலை எட்டரை மணி இருக்கும். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் என் மில்லைத் தாண்டி பிரபுதேசாய் வீட்டுக்குள் போனாள், வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள். அவ்வளவுதான் நான் கண்டது. அன்றைக்கு மில்லில் கூட்டம். கொழுக்கட்டைக்கு அரிசி அரைக்க வந்த பெண்கள், தகர டப்பாக்கள், போதாதற்கு பெல்ட் வேறு நழுவிக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மில்லில் ரகசியம் பேச முடியாது, எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்குத் தினகர் வாசலில் வந்து நின்று கத்தினான்.

"தத்தா! காலையில எங்க சாமி ரூமுக்குள்ள யாரு போனது?"

"பாகா காகிதான்! அருகம்புல்லு எடுத்துட்டுப் போனா!" என்று நானும் கத்தினேன். பெல்ட் கிறீச்சிட்டது. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

மத்தியானம் அரிசி டப்பாவோடு வந்த ஒருத்தி என் காதருகே வந்தாள். "நீங்கதான் கண்ணால பார்த்தீங்களாமே? பிரபுதேசாய் வீட்டு வெள்ளி மூஞ்சூறைப் பாகா எடுத்துட்டுப் போனதை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டுப் பிள்ளையார் காலடியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வெள்ளி மூஞ்சூறு இருக்கும், ஐந்து தலைமுறையாக. அது காணோமாம். வாகனம் இல்லாமல் சாமி எதில் ஏறி ஊருக்குத் திரும்பும் என்று அந்த வீட்டுப் பெரியவர் ஆபா அன்னம் தொடாமல் உட்கார்ந்துவிட்டாராம். நான் சொன்னதில் 'அருகம்புல்லை' பெல்ட் தின்றுவிட்டது. 'எடுத்துட்டுப் போனா' மட்டும் தினகர் காதுக்குப் போயிருக்கிறது. கொண்டு போனதற்கும் கொண்டு ஓடினதற்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல்தான்.

அப்போதே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் மில் நிற்கிற நிலம் பிரபுதேசாய்களுடையது. அந்த வீட்டுப் பிள்ளையை எல்லார் முன்னாலும் செவிடன் என்று சொல்வதா? மூஞ்சூறு எப்படியும் கிடைத்துவிடும், நாம் வாயைக் கொடுப்பானேன் என்று நினைத்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. மூஞ்சூறு கிடைக்காது, ஏனென்றால் யாரும் தேடவில்லை. திருடி யாரென்று தெரிந்த பிறகு பொருளை எவர் தேடுவார்?

எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே திருடி என்று சொல்லமாட்டார்கள். "வீட்டுலயே மொளைச்சிருக்கு காகி, இன்னிக்குப் புல்லு வேணாம்" என்பார்கள். ஒரு வீடு, இரண்டு வீடு, ஏழு வீடு. அவள் வருவதைப் பார்த்ததும் காயப்போட்ட துணியை உள்ளே எடுத்தார்கள். வேண்டாத கட்டுகள் அவள் வாசற்படியில் வாடிக்கொண்டு கிடந்தன. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கே சாயங்காலம் அவளே ஒரு கல்லை எடுத்தாள். பிரபுதேசாய் வீட்டு ஓட்டில் எறிந்துவிட்டு, ஒளியாமல், நடுத்தெருவில் நின்றாள். அந்த வீட்டு மருமகள் வத்சலா வைனி வெளியே வந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் வைனி, அண்ணி முறை. நல்ல மனுஷி, கடிந்து பேசத் தெரியாதவர். பாகா காகியைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

அடுத்த கல் என் மில்லின் தகரக் கூரையில் இடி மாதிரி விழுந்தது. நான் வெளியே வந்தேன்.

"சந்திரனைப் பார்த்துட்டேன்டா தத்தா" என்றாள். என் பெயரைச் சொன்னதிலேயே நான் பாதி செத்தேன். "நேத்து. முறம் எடுக்க மறந்துட்டேன்."

"வா காகி, உக்காரு. டீ போடச் சொல்றேன்."

"டீ எவனுக்கு வேணும்? உன் கூரையில கல்லெறிஞ்சிருக்கேன். உனக்குக் கோபம் வரலையா?"

"அது இல்ல காகி..."

"ஒரே ஒரு வார்த்தை. 'எடுபட்ட சிறுக்கி'ன்னு ஒண்ணு சொல்லுடா, போதும்." கேட்டு வாங்கினால் பலிக்காது என்பது அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே அந்த விதியைச் சொன்னவள் அவள்தான். தெரிந்தும் கேட்டாள். நான் குனிந்துகொண்டு நின்றேன். பழிக்கு ஆளாக்கியவனே அவளை எந்த வாயால் திட்டுவான்? அவள் கல்லைப் பொறுக்கி என் மில் படியில் ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் மூன்று நாள் அவள் குரலை நாங்கள் கேட்கவில்லை. கோழி விரட்டுகிற சத்தம்கூட இல்லை. வாடியே நோய் வந்த வீடு மாதிரி கிடந்தது.

ஐந்தாம் நாள் சாமியைக் கடலுக்கு எடுக்கிற நாள். நாலு மணிக்கு எல்லாரும் பிரபுதேசாய் முற்றத்தில் கூடினோம். சாமி கிளம்புவதற்கு முன் பெரியவர் தேங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்க முறையிடுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஊர் கூடி "ஹோய் மகாராஜா!" என்று ஆமோதிக்க வேண்டும். ஆமோதித்த வாக்கு தெய்வ சந்நிதியில் சொன்ன சத்தியம். அதற்காகத்தான் பாகா காகிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் வந்து தூணோரமாக நின்றாள். அவளைச் சுற்றி இரண்டு முழத்துக்கு யாரும் நிற்கவில்லை.

ஆபாவுக்கு எண்பது வயது. நாலு நாள் பட்டினியோடு தேங்காயைத் தூக்கிப் பிடித்தார். "தேவா மகாராஜா! இந்த வீட்டுல வந்து உக்காந்தே, எங்க குறையெல்லாம் பொறுத்தே!"

"ஹோய் மகாராஜா!"

"அடுத்த வருஷமும் இதே மாதிரி சந்தோஷமா வரணும்!"

"ஹோய் மகாராஜா!"

"உன் வாகனத்தை எடுத்தவங்க யாரா இருந்தாலும், தெரிஞ்சும் மறைச்சவங்க யாரா இருந்தாலும், அவங்க குடும்பத்துல விளக்கு எரியாம போகட்டும்!"

"ஹோய் மகாராஜா!" இந்த முறை எல்லாக் குரலுக்கும் மேலே பாகா காகியின் குரல் தனியாகக் கேட்டது. மூன்று நாள் கழித்துக் கேட்ட குரல். எனக்கு மட்டும் நாக்கு எழும்பவில்லை. மறைச்சவங்க என்றாரே! எனக்கும் வீட்டில் விளக்கு எரிகிறது, கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள்.

ஆபாவின் கண் மங்கினாலும் காது கூர்மை. "தத்தா, உன் குரல் வரலையே?"

"ஆபா, நான் சொன்னது புல்லு" என்றேன். வாயைத் திறந்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. "அருகம்புல்லு எடுத்துட்டு உள்ள போனான்னுதான் தினகர்கிட்ட சொன்னேன். மூஞ்சூறுன்னு நான் சொல்லவே இல்ல. பெல்ட் சத்தத்துல அவன் பாதியத்தான் கேட்டான். அன்னிக்கு மத்தியானமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பயந்துக்கிட்டு வாயைத் திறக்கலை."

 வாடின பூவும் புல்லும் நிரம்பிய கூடையைத் தோளில் வைத்திருந்த தினகர்தான் முதலில் பேசினான். முகம் சிவந்திருந்தது. "சரி, புல்லுதான் எடுத்துட்டு வந்தா. போகும்போது? அப்போ மூஞ்சூறு எங்க?"

பாகா காகி தூணை விட்டு முன்னால் வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "திருடன் முதுகுல ஏறி உக்காந்திருக்கிற சாமி முன்னால நிக்கிறேன், எனக்கு ஒரு பயமும் இல்ல. வைனி, மூஞ்சூறு எங்க இருந்துச்சு?"

"பாதத்துல" என்றார் வத்சலா வைனி.

"முதல் நாள் என் புல்லை எங்க வெச்சீங்க?"

"அதுவும்... பாதத்துலதான்."

"மறுநாள் காலையில, நான் வர்றதுக்கு முன்னால, பழைய புல்லையெல்லாம் அள்ளினது யாரு?"

 வைனியின் பார்வை மெல்ல உயர்ந்து தினகர் தோளில் இருந்த கூடையில் போய் நின்றது. சாமிக்குச் சாத்திக் கழித்ததை யாரும் கிளறமாட்டோம். ஐந்து நாளும் அப்படியே கூடையில் சேர்த்து வைத்து, சாமியோடு கடலில் விட்டுவிடுவோம். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் விட்டிருப்போம்.

தினகர் கூடையை இறக்கினான். "நீயே பாரு காகி" என்றான். குரல் சுரத்தில்லாமல் வந்தது.

"நான் தொடமாட்டேன். தொட்டா நானே உள்ள வெச்சேன்பீங்க. அள்ளினவங்க அவிழ்க்கட்டும்."

வைனி பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தார். மேலே கிடந்த செம்பருத்தி அழுகி நாறியது. அதை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு கட்டாக எடுத்து நாரை இழுத்தார், ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒன்றுமில்லை. ஆபா தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கூடையின் அடியில், முதல் நாள் புல் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துக் கட்டியாகக் கிடந்தது. அதைப் பிய்த்தபோது செம்பாறைத் தரையில் ணங் என்று ஏதோ விழுந்து உருண்டது. ஈரத்தில் கறுத்துப்போய், மூக்கைத் தூக்கிக்கொண்டு, அந்த மூஞ்சூறு.

வைனி அப்படியே நகர்ந்து பாகா காகியின் காலைத் தொடப் போனார். காகி காலை இழுத்துக்கொண்டாள்.

"நாலு நாளாச்சு வைனி" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "'அடி திருடி'ன்னு என் முடியைப் புடிச்சு இழுத்து, வாசல்ல நிக்க வெச்சுத் திட்டியிருந்தா, அங்கேயே கழிஞ்சு போயிருக்கும். ஒருத்தர் வாயைத் திறக்கலையே. என்னை ஒரு மனுஷியா மதிச்சு ஒரு வார்த்தை திட்டலையே நீங்க!"

அவள் போய்விட்டாள். சாமியைக் கடலுக்குக் கொண்டுபோனோம். வழக்கமான மோர்யா கோஷத்தைப் பேருக்குப் போட்டோம். வழக்கமாக மணலில் இறங்கும்போது, "பார்த்து இறக்குங்கடா பாவிகளா, சாமிக்கு இடுப்பு புடிச்சுக்கப் போவுது" என்று ஒரு அதட்டல் வரும். அது இல்லாமல் சாமி தண்ணீருக்குள் போனது. சாமி உட்கார்ந்திருந்த மணையில், வழக்கப்படி ஒரு பிடி மணலை எடுத்துக்கொண்டு, ஈரத்துணியோடு திரும்பி வந்தோம்.

வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. காகியின் கதவு சாத்தியிருந்தது, கூரையில் புகை இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசல்வரை போனேன். என்ன கேட்பது? கேட்டு வாங்குகிறது பலிக்காதே. திரும்பி வந்து, என் மில் படியோரம் அவள் வைத்துவிட்டுப் போன கல்லை எடுத்து, அவள் ஓட்டில் எறிந்தேன். உருண்டு விழுந்தது. கதவு அசையவில்லை. இன்னொரு கல். அதற்கும் இல்லை. சந்தில் ஆட்கள் அவரவர் வாசலில் நின்றார்கள்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. வத்சலா வைனி மணல் மணையைத் தினகர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். பிறந்ததிலிருந்து கல்லே எறியாத கை. முதல் கல் என் மில் தகரத்தில் போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது கல்லுக்குக் கோழிகள் சிதறி ஓடின. மூன்றாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கி எறிந்தார். ஓடு படாரென்று உடைந்து துண்டு துண்டாக முற்றத்தில் கொட்டியது.

கதவு திறந்தது.

பாகா காகி படியில் வந்து நின்றாள். கையில் முறம் இல்லை. உடைந்த ஓட்டைப் பார்த்தாள். மண் ஒட்டிய வைனியின் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், வெகுநேரம். வைனி ஓடி ஒளியாமல், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். தினகர் மணையோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றான்.

பாகா காகி முந்தானையை இழுத்தாள். இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, இறுக்கி, முடிச்சுப் போட்டாள்.